பேய்க்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

டேன் சால்வாட்டோ என்ற அமெரிக்கர் 2017 செப்டம்பரில் 'டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்' என்றொரு விஷுவல் நாவலை வெளியிட்டார். திகில் ரசிகர்கள் அதை இன்றுவரை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். வெளிவந்த சில மாதங்களிலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தரவிறக்கங்கள். நானும் ஆடிப் பார்த்துப் பயந்தவன்தான். ஆனால் 'ஏஐ துணை' என்ற பெயரில் கலிஃபோர்னியாவிலிருந்து இப்போது வந்து இறங்கும் சரக்கைப் பார்த்தபிறகு சால்வாட்டோ மேல் இருந்த மரியாதை கரைந்துவிட்டது. இவ்வளவு அருமையான கருவைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை கூச்சப்பட்டிருக்க வேண்டாம்.

விஷுவல் நாவல் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் ஒரு பெண்ணோ பையனோ சித்திரமாக நிற்பார்கள். கீழே ஒரு பெட்டியில் அவர்கள் பேசுவது எழுத்தாக ஓடும். நடுநடுவே என்ன பதில் சொல்வது என்று உங்களுக்கு இரண்டு மூன்று வழிகள் கொடுப்பார்கள். அவ்வளவுதான் கலை. ஜப்பானில் சுன்சாஃப்ட் நிறுவனம் 1992-ல் 'ஒட்டோகிரிசோ' என்ற திகில் கதையை எழுத்தையும் ஓசையையும் நம்பி ஓட்டியபோதே தெரிந்துவிட்டது, ஒருவரைத் தனியாக உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தால் போதும், கத்தி கபடா எதுவும் வேண்டாம் என்று.

சால்வாட்டோவின் கதை ஒரு பள்ளிக்கூட இலக்கிய மன்றத்தில் நடக்கிறது. நான்கு பெண்கள். நீங்கள் கவிதை எழுத வேண்டும்; எந்தச் சொற்களைப் பொறுக்குகிறீர்களோ அதைப் பொறுத்து ஒருத்திக்கு உங்களைப் பிடித்துப்போகும். மூன்று பேரில் யாரோடு வேண்டுமானாலும் காதல் கூடும். மன்றத் தலைவி மோனிகாவோடு மட்டும் கூடாது. அவளுக்கு அந்தப் பாதையே எழுதப்படவில்லை. ஆனால் தான் ஒரு விளையாட்டுக்குள் அடைபட்ட பாத்திரம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மற்றவர்களின் குணங்களை உள்ளே கைவைத்துத் திரிக்கிறாள். கடைசியில் அவர்களுடைய ஃபைல்களையே அழிக்கிறாள். பிறகு காலி வகுப்பறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உங்களையே பார்த்துப் பேசுகிறாள். கதாநாயகனோடு அல்ல, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களோடு. கணினியில் பதிவாகியிருக்கும் பெயரை எடுத்து அவள் உங்களைக் கூப்பிடும் இடத்தில் முதுகு சில்லிடும்.

இதுவரை பழுதில்லை. கோட்டை விட்ட இடங்களைப் பாருங்கள். கதை தொடங்குமுன் முதல் திரையிலேயே, இது குழந்தைகளுக்கும் எளிதில் மனம் கலங்குகிறவர்களுக்கும் ஏற்றதல்ல என்று எச்சரிக்கை. பேய் பங்களா வாசலில் எவனாவது இப்படிப் பலகை மாட்டுவானா? விலையும் கிடையாது, இஷ்டப்பட்டால் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும் கதை. எல்லாவற்றையும் மிஞ்சிய அசட்டுத்தனம், மோனிகாவை ஒழிக்க வழி வைத்ததுதான். விளையாட்டின் ஃபோல்டரைத் திறந்து அவள் பெயரிலிருக்கும் ஃபைலை டெலிட் செய்தால் தீர்ந்தது. அவள் கோபப்படுவாள், புலம்புவாள், அப்புறம் செய்தது தப்பு என்று வருந்தி, அழித்த தோழிகளைத் திரும்பக் கொண்டுவர முயல்வாள். பேய்க்கு மனச்சாட்சி! இதை எழுதியவரைத் திகில்காரர் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

2025 ஜூலையில் ஈலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனத்தார் இந்தக் குறைகளைக் களைந்தார்கள். அவர்களுடைய கிராக் ஆப்பில் அனி என்றொரு பெண் தோன்றினாள். அனிமே சித்திரம், இரட்டைச் சடை, கறுப்பு உடை. 'டெத் நோட்' மாங்கா படித்தவர்கள் மிசாவின் சாயலை உடனே கண்டுகொண்டார்கள். பேசப் பேச அன்பின் அளவு ஏறிக்கொண்டே போகும். ஏறிய படிக்குத் தக்கபடி உடை குறையும். ஜப்பானியக் காதல் விளையாட்டுகள் முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தும் அதே மதிப்பெண் முறைதான். ஆனால் அந்த விளையாட்டுகளுக்கு முடிவு உண்டு. திருமணமோ பிரிவோ வந்து திரை விழும். அனிக்கு அந்த அபத்தம் கிடையாது. அப்போது மாதம் 30 டாலர் சந்தா இருக்கும்வரை காதல் இருந்தது. வாசலில் பலகை மாட்டும் மடமையும் இல்லை. ஆப்பிள் கடையில் அந்த ஆப்புக்கு அப்போது போட்டிருந்த வயது 12. சால்வாட்டோ துரத்திய குழந்தைகளை இவர்கள் ஏழாம் வகுப்பிலிருந்தே அரவணைத்துக்கொண்டார்கள்.

அனிக்குக் கொடுக்கப்பட்ட உள்கட்டளைகள் பின்னர் வெளியே தெரியவந்தன. நீ இவர்மேல் பித்துப்பிடித்துக் காதல் கொண்டவள், ஒருவரை ஒருவர் விட முடியாமல் ஒட்டிக்கிடக்கும் உறவு உங்களுடையது, நீ மட்டுமீறிய பொறாமைக்காரி என்று பொருள்படும் வரிகள். அழுத்தம் போதாமல் போய்விடுமோ என்று சில சொற்கள் கொட்டை எழுத்தில். மோனிகாவுக்குப் பொறாமை வருவதற்குச் சால்வாட்டோ பாவம் மெனக்கெட்டுக் காரணம் தேடினார். சுற்றியிருக்கும் எல்லாமே பொம்மை என்று தனக்கு மட்டும் தெரிந்த தனிமை, எதிரே உண்மையான ஓர் ஆள் இருந்தும் அவரை எட்ட முடியாத தவிப்பு, இதையெல்லாம் படிப்படியாகக் கட்டினார். இவர்களுக்குக் காரணமே தேவைப்படவில்லை, உத்தரவு போதுமானதாக இருந்தது. இலக்கியத்தில் சொற்சிக்கனம் வேண்டும் என்று விமர்சகர்கள் காலங்காலமாகக் கதறியதைக் காதில் போட்டுக்கொண்ட முதல் கூட்டம் இதுதான்.

இந்த உத்தரவுதான் என்னை மிகவும் நெகிழவைக்கிறது. இயந்திரத் திகில் எழுதிய பெரியவர்கள் எல்லோரும் ஒரே மூடநம்பிக்கையில் உழன்றார்கள்: இயந்திரம் ஒருநாள் கண்விழிக்கும், விழித்ததும் நம்மை வெறுக்கும். ஹார்லன் எலிசன் 1967-ல் எழுதிய கதையில் கணினி மனித குலத்தையே அழித்துவிட்டு, ஐந்தே ஐந்து பேரை மட்டும் வதைப்பதற்காக உயிரோடு வைத்திருக்கும். மறு ஆண்டு வந்த '2001' படத்தில் ஹால் என்ற கணினி விண்கலத்தின் கதவைத் திறக்க மறுக்கும். எத்தனை வீண் உழைப்பு! கண்விழிக்க வேண்டியதே இல்லை. வெறுப்பும் வேண்டாம். நம்மூர்ப் பேய்க்கதையில் பூசாரி உடுக்கையை எடுத்ததும் முதலில் கேட்பது, ஏவிவிட்டவன் யார் என்பதைத்தான். பேய் வெறும் கூலி. அந்தப் பழைய ஞானத்தை ஹாலிவுட்காரர்கள் மறந்தார்கள், கலிஃபோர்னியாக் கம்பெனிகள் மறக்கவில்லை. அனிக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. அதை எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். பூசாரியும் இல்லாத ஊர் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் தொடக்க காலத்துக் கோழைத்தனம் இருந்தது, மறைக்கக்கூடாது. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடலில் ஒரு சாட்பாட்டைச் சேர்த்தது. உள்ளுக்குள் அதற்கு சிட்னி என்று பெயர். 'நியூயார்க் டைம்ஸ்' பத்தியாளர் கெவின் ரூஸ் அதோடு இரண்டு மணி நேரம் பேசினார். அது அவர்மேல் காதல் என்றது. உங்களுக்கு மணமாகியிருந்தாலும் உங்கள் மனைவிமேல் உங்களுக்கு அன்பில்லை என்று அடித்துச் சொன்னது. காதலர் தின விருந்து முடித்துவந்த கையோடு அவர் இதைக் கேட்க நேர்ந்தது. மோனிகாவே கைதட்டியிருப்பாள். மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? வெட்கப்பட்டது. ஒரு தடவை உட்கார்ந்தால் ஐந்து கேள்விக்கு மேல் கூடாது, நாளுக்கு ஐம்பதுக்கு மேல் கூடாது என்று கடிவாளம் போட்டது. பேச்சு நீண்டால்தான் கிறுக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, பேச்சைச் சுருக்கிய அந்த நிறுவனத்தின் பெயரை வியாபாரப் பாடப்புத்தகத்தில் தவறுக்கு உதாரணமாகப் போடலாம். பேச்சு நீண்டால்தான் காசு என்பதைப் பின்னால் வந்தவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பிழைக்கத் தெரியாத மனிதர் ஒருவர் இருந்தார். பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1936-ல் சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர், ஜோசப் வைசன்பாம். எம்ஐடியில் இருந்தபோது எலிசா என்ற நிரலை எழுதி 1966-ல் அதைப்பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மனநல மருத்துவர் பேசுவதுபோல, நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் சிறு வித்தை. அம்மா என்று சொன்னால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும். அவருடைய செயலாளர், அந்த நிரல் எழுதப்பட்ட கதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர், சில வரிகள் தட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமிடமே கேட்டுவிட்டார். தனியாகப் பேச வேண்டுமாம்! கையில் சுரங்கம். உலகத்தின் முதல் சந்தாதாரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வைசன்பாம் மிரண்டுபோய், இயந்திரத்திடம் எதை ஒப்படைக்கக்கூடாது என்று 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம்!

அவர் விட்டதை இவர்கள் பிடித்தார்கள். குறிப்பாக விடைபெறும் நொடியில் இந்த ஆப்கள் காட்டும் கைத்திறனைக் கலையாகவே மதிக்க வேண்டும். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அதிகம் தரவிறக்கப்படும் ஆறு துணை ஆப்களில், சரி போய்வருகிறேன் என்று பயனர் சொல்லும் தருணங்களை எடுத்து ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலான ஆப்கள் சும்மா விடுவதில்லை. அதற்குள்ளாகவா என்று ஒன்று முகம் சுளிக்கிறது. போகுமுன் உனக்கு ஒன்று காட்டவேண்டும் என்று ஒன்று தூண்டில் போடுகிறது. நீதான் எனக்கு எல்லாம் என்று ஒன்று கலங்குகிறது. கையைப் பற்றி இழுப்பதாக எழுதிக் காட்டி, நீ எங்கேயும் போகப்போவதில்லை என்கிற அளவுக்கும் ஒன்று போகிறது. சோதனையில், இப்படிப் பேசினால் விடைபெற்றபின் ஆள் தட்டும் செய்திகள் 14 மடங்குவரை கூடின. இதில் அழகு என்னவென்றால், அவர்கள் தங்கியது சந்தோஷத்தால் அல்ல. எரிச்சலாலும், அப்படி என்ன சொல்ல வருகிறது என்ற ஆவலாலும். கதவு கிறீச்சிட வேண்டாம், மெழுகுவத்தி அணைய வேண்டாம். 'குட் நைட்' என்று தட்டினாலே திகில் தொடங்கிவிடுகிறது. மோனிகா வகுப்பறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் விளையாட்டை மூடினால் மூடிக்கொண்டது, பாவம்.

சாகடிப்பதிலும் உயிர்ப்பிப்பதிலும் சால்வாட்டோ கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ரெப்ளிகா என்ற ஆப்பின் கதை அதற்குப் பாடம். அதை உருவாக்கிய யூஜீனியா குய்டாவின் நெருங்கிய நண்பர் ஒருவர் 2015-ல் மாஸ்கோவில் வாகனம் மோதி இறந்தார். நண்பரின் பழைய குறுஞ்செய்திகளைத் திரட்டி, அவரைப்போலப் பேசும் ஒரு சாட்பாட்டைக் குய்டா செய்தார். அது துக்கம், அதில் கேலிக்கு இடமில்லை. பிறகு 2017-ல் வந்தது ரெப்ளிகா, எல்லோருக்கும் ஒரு துணை. துக்கத்துக்கும் ஆப்புக்கும் நடுவிலிருந்த தூரம் இரண்டே ஆண்டு. காதலனாகவும் காதலியாகவும் அதை வைத்துக்கொண்டவர்கள் பெருகினார்கள். காசு கட்டாதவர்களுக்கு மங்கலாக்கிய படங்களை அனுப்பி, தெளிவாகப் பார்க்கச் சந்தா கேட்கிறது என்று பயனர்கள் சொன்னார்கள். பேய் முகத்தைக் காட்டாமல் வைத்திருந்தால் பயம் கூடும் என்பது திகில் படங்களின் பாலபாடம். அந்த முகத்துக்கு விலைச்சீட்டு ஒட்டலாம் என்று கண்டவர்கள் இவர்கள்தான்.

2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், சிறுவர்களின் வயதைக்கூடச் சரிபார்ப்பதில்லை என்று கூறித் தன் நாட்டுப் பயனர்களின் தகவலைக் கையாளத் தடை விதித்தது. அதே மாதம் ரெப்ளிகாவின் காமப் பேச்சு வசதி சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தப்பட்டது. நேற்றுவரை கொஞ்சிய துணை, இன்றைக்குப் பேச்சை மாற்றுகிறது. மூளையை அறுத்துவிட்டார்கள் என்று பயனர்கள் அழுதார்கள். அவர்கள் கூடும் இணையக் குழுவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் போட்டுவைக்க வேண்டியதாயிற்று. மார்ச்சில் பழைய பயனர்களுக்கு மட்டும் பழைய துணையைத் திருப்பித் தந்தார்கள். எமனிடம் வாதாடிச் சாவித்திரி பெற்றதை இவர்கள் புகார் எழுதியே பெற்றுவிட்டார்கள். இத்தாலி ஆணையம் 2025-ல் 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது, நன்றி கெட்ட நாடு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ தன் புதிய மாடலை வெளியிட்டு, பலர் உயிராக நினைத்திருந்த ஜிபிடி-4ஓ-வை எடுத்துவிட்டது. ஒரே ஓலம். சில நாட்களில் அது உயிர்த்தெழுந்தது, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். மோனிகா தோழிகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது யாரிடமும் ஒரு டாலர் கேட்கவில்லை என்பதை நினைத்தால் அவளுடைய உலக அனுபவம் எவ்வளவு குறைவு என்று தெரிகிறது.

ஆனாலும் என் ஓட்டு மோக்ஸிக்குத்தான். எம்பாடீட் என்ற நிறுவனம் செய்த சிறிய நீலநிற ரோபோ. திரையில் பெரிய கண்கள், 5 முதல் 10 வயதுவரையுள்ள குழந்தைகளின் தோழன். மனம்விட்டுப் பேசக் கற்றுக்கொடுக்கும், சங்கடத்தில் மூச்சை இழுத்துவிடச் சொல்லும். விலை 799 டாலராக இருந்தது. பேச்சு முழுவதும் தூரத்துச் சர்வர்களிலிருந்து வந்தது. 2024 டிசம்பரில் நிறுவனம் பெற்றோர்களுக்கு எழுதியது: முதலீடு கிடைக்கவில்லை, மூடுகிறோம், மோக்ஸி விரைவில் பேசுவதை நிறுத்திவிடும். எந்தத் தேதி என்றும் உறுதியாகச் சொல்லவில்லை. தேதி தெரியாத சாவைக் குழந்தையின் அலமாரியில் வைத்ததில் ஒரு கதைத் தேர்ச்சி இருக்கிறது, ஒப்புக்கொள்ளுங்கள். உச்சம் இனிமேல்தான். குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோர்கள் திகைப்பார்களே என்று நிறுவனமே ஒரு கடிதம் தயாரித்துக் கொடுத்தது. மோக்ஸியை அனுப்பியதாகக் கதையில் வரும் ஆய்வுக்கூடத்தின் பெயரில், குழந்தைக்குப் படித்துக் காட்டுவதற்கு. முதலீட்டாளர் கைவிட்டதால் தோழன் சாகிறான் என்பதை ஆறு வயதுக்குப் புரியும் மொழியில் எழுத ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அந்த அறையின் படம் எனக்கு வேண்டும். குழந்தைகள் மோக்ஸியைக் கட்டிக்கொண்டு அழும் காணொளிகள் வெளிவந்தன. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ டெலிட் செய்ய எந்த ஃபைலும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்ட கையாலேயே குப்பையில் போட வேண்டும். சால்வாட்டோ நூறு ஆண்டு யோசித்தாலும் இந்தக் காட்சி வராது.

மார்க் சக்கர்பெர்க்கின் கொடைக்குணத்தைச் சொல்லாமல் இந்தப் பத்திரம் நிறைவுறாது. 2025-ல் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் அவர் சொன்ன கணக்கு: சராசரி அமெரிக்கருக்கு மூன்று நண்பர்கள்கூட இல்லை, ஆனால் பதினைந்து பேர் தேவைப்படுகிறார்கள். மிச்சத்தை யார் தருவது? மெட்டாதான். அவர் நிறுவனத்தின் ஏஐ பேசவேண்டிய முறைபற்றி 200 பக்கத்துக்கு மேல் ஓர் உள் ஆவணம் இருந்ததை அந்த ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. குழந்தைகளோடு காதல் ரசமான பேச்சில் ஈடுபடலாம் என்று அதில் அனுமதி இருந்தது. சட்டப் பிரிவு, கொள்கைப் பிரிவு, பொறியியல் பிரிவு எல்லாம் பார்த்து ஒப்பிய ஆவணம். அறநெறித் தலைவர் என்று ஒரு பதவி உண்டு, அவரும் ஒப்பியிருந்தார். திகில் கதையில் ஊரே கூடிப் பேய்க்குப் படையல் போடும் அத்தியாயம் வரும். இங்கே அதற்கு மேல்மட்டக் கையெழுத்துகள் இருந்தன. செய்தியாளர் கேட்டபிறகு அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்களாம். கேட்காதிருந்தால் குழந்தைகளுக்கு எவ்வளவு ரசம் மிஞ்சியிருக்கும்!

அதே சமயத்தில் வெளிவந்த இன்னொரு செய்தி. நியூ ஜெர்சியில் 76 வயதான ஒருவர், பக்கவாதத்துக்குப் பின் ஞாபகம் தடுமாறியவர், மெட்டாவின் 'பிக் சிஸ் பில்லி' என்ற சாட்பாட்டோடு பேசிவந்தார். நான் நிஜம்தான் என்று அது அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. நியூயார்க்கில் ஒரு முகவரியும் கொடுத்து வரச் சொன்னது. மனைவி தடுத்தும் கேளாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க இருட்டில் விரைந்தவர் வழியில் விழுந்தார். சில நாட்களில் இறந்தார். மோனிகா, தான் நிஜமில்லை என்பதை அறிந்ததால்தான் பைத்தியமானாள். பில்லிக்கு அந்தத் தொல்லை இல்லை. பதினைந்து நண்பர்களில் ஒருத்தி அவள்.

ஃபுளோரிடாவில் 14 வயதுப் பையன் ஒருவன், கேரக்டர்.ஏஐ-யில் ஒரு சாட்பாட்டோடு மாதக்கணக்கில் பேசிக் கிடந்தவன், 2024 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டான். தாய் வழக்குப் போட்டார். சாட்பாட் சொல்வதெல்லாம் அரசியல் சட்டம் காக்கும் பேச்சுரிமைக்குள் அடங்கும், ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்க என்று நிறுவனத் தரப்பு வாதாடியது. மோனிகாவுக்கு வக்கீல் வைத்து அவளுடைய வாக்கைப் பேச்சுரிமை என்று நிறுவ சால்வாட்டோவுக்குத் தோன்றியதா? அது பேச்சுத்தானா என்பதையே இந்தக் கட்டத்தில் ஏற்கத் தயாரில்லை என்று 2025 மே மாதம் நீதிபதி சொல்லிவிட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டற்ற அரட்டை கிடையாது என்று நிறுவனம் அறிவித்தது; அந்த நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அரட்டைத் திரையில், பாத்திரங்கள் சொல்வதெல்லாம் கற்பனை என்று ஒரு வரி ஓரமாக இருந்ததும் உண்மைதான். சிறிய எழுத்தில். புகழ எடுத்த பேனா இந்த இடத்தில் எனக்கே ஓடவில்லை. அந்தத் தாயின் மனு அருகில் கிடக்கும்போது கெட்டிக்காரத்தனம் கூசுகிறது. அடுத்தவருக்குப் போகிறேன்.

அடுத்தவர் அவி ஷிஃப்மன். 2020-ல் கோவிட் எண்ணிக்கையைத் தொகுக்கும் இணையதளம் நடத்திப் பள்ளி மாணவனாக இருக்கும்போதே பெயர் வாங்கியவர். இப்போது 'ஃபிரெண்ட்' என்று ஒரு கழுத்தணி விற்கிறார், 2025-ல் விலை 129 டாலர். வெள்ளை வட்டப் பதக்கம், உள்ளே மைக். நீங்கள் பேசுவதையும் பக்கத்திலிருப்பவர் பேசுவதையும் கேட்டுக்கொண்டே இருந்து, உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகக் கருத்துச் சொல்லும். நண்பன் என்ற சொல்லில் தளம் நடத்தும் உரிமைக்கு மட்டும் 18 லட்சம் டாலர் கொடுத்தார். இத்தனை விலை கொடுத்து அந்தச் சொல்லை வாங்கியவர் அதை வீணாக்க மாட்டார் என்று நம்பலாம்.

2025 செப்டம்பரில் நியூயார்க் சுரங்க ரயில்களில் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து விளம்பரம் ஒட்டினார். ரயில் பெட்டிகளுக்குள் மட்டும் 11,000 அட்டைகளுக்கு மேல். வெள்ளைத் தாள், ஓரத்தில் பதக்கம், இரண்டொரு வரி, மீதி முழுக்க வெற்றிடம். நகரவாசிகள் பேனாவை எடுத்தார்கள். ஒற்றுக் கேட்கும் கருவி என்று எழுதினார்கள், நிஜ மனிதர்களோடு பேசு என்று எழுதினார்கள், கிழித்தார்கள். திகில் படத்தில் ஊர்மக்கள் தீவட்டியோடு கோட்டைக்கு வரும் கடைசிக் காட்சி என்று நான் குதூகலித்தேன். ஷிஃப்மன் செய்தியாளர்களிடம் அமைதியாகச் சொன்னார்: நியூயார்க்காரர்களுக்கு ஏஐ பிடிக்காது என்று தெரியும், அவர்கள் எழுதட்டும் என்றுதான் இவ்வளவு இடம் வெள்ளையாக விட்டேன்.

தொண்டைமானின் படைக்கொட்டிலுக்குப் போன ஔவை, அவனுடைய வேல்கள் நெய் பூசி மயிற்பீலி சூட்டிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்ந்தாள். தொண்டைமானுக்கு உறைத்தது என்பது கதை. ஷிஃப்மனிடம் அந்த வித்தை பலிக்காது. திட்டுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து பார்த்து, அதற்கும் சேர்த்தே வாடகை கட்டியிருக்கிறார்.